ஏழு தகப்பன் பெயர் தெரியாத பொத்தான்

பிஷ்கெக்,
வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

எங்கள் தந்தையின் மூத்த மகளும், அட்-பாஷி மாவட்டம் முழுவதும் பெயர் சொன்னால் நாய்கூடக் குரைப்பை நிறுத்தும் பெருமை உடையவரும், என்னை இடுப்பில் சுமந்து வளர்த்ததை இன்றுவரை மறக்க விடாதவருமான புருல் அக்கா அவர்களுக்குத் தம்பி பெய்ஷென் மார்பில் கைவைத்து எழுதுவது.

முதலில் மந்தை சுகமா? செம்மறிகள் மேல்மேய்ச்சலிலிருந்து முழு எண்ணிக்கையோடு இறங்கினவா? சாம்பல் பெட்டைக் குதிரையின் கால்வீக்கம் வற்றியதா? அடுத்து, அத்தான் சுகமா? நீங்கள் சுகமா? இங்கே நானும் உங்கள் மகள் பெர்மெத்தும் குறைவின்றி இருக்கிறோம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீங்கள் "எப்ப வரே?" என்று ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் பாதியில் இருக்கும்போதே வைத்துவிடுகிறீர்கள். இது அடுக்கடுக்காகச் சொல்ல வேண்டிய விஷயம். ஆகவே எழுதி, நாரின் வண்டிக்காரன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் என்னை எதற்கு அனுப்பினீர்கள் என்பது எனக்கு மறக்கவில்லை. "அந்தப் பொண்ணு நாலு வருஷமா திரையை முறைச்சுப் பாத்துக்கிட்டு என்னதான் பண்றாள்னு கண்ணால பாரு, சனிக்கிழமை வண்டியில கூட்டிக்கிட்டு வா, ஓர்மொன் வீட்டுக்காரங்க அவங்க பையனுக்காக நிச்சயத் தோட்டோட வராங்க, காதுல தோடு ஏறிட்டா என் பாரம் இறங்கிடும்" என்றீர்கள். நானும் ரொட்டியின் மேல் கைவைத்து வாக்குக் கொடுத்தேன். போன சனிக்கிழமை நாங்கள் வரவில்லை. ஓர்மொனின் மனைவி உங்கள் வீட்டில் நாலு கிண்ணம் தேநீர் குடித்துவிட்டுத் தோட்டைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன். அந்த அம்மாள் நாலு கிண்ணத்தோடு நிறுத்தியது நம் குலத்தின் மேல் இருக்கும் மரியாதையால்தான். ஏன் வரவில்லை என்பதை இனி ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வந்த அன்றே பெர்மெத்தின் அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாவது மாடி, ஒரே அறை. அவளும், தாலாய் என்று ஓஷ் பக்கத்து இளைஞன் ஒருவனும்தான். மூன்றாவது ஆள் கொரியாவுக்கு வேலைக்குப் போய்விட்டானாம். அவன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். நாற்காலி நிறைந்தது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நான் நேராக விசாரணையைத் தொடங்கினேன்.

"என்னம்மா செய்யறே இங்க?"

"படம் வரையறதுக்கு ஒரு லைப்ரரி, மாமா."

"நீ வரையறியா?"

"இல்ல. மேப்பு, விளையாட்டு, பட்டன், அந்த மாதிரி புரோகிராம் எழுதறவங்க இருக்காங்கல்ல, அவங்க எடுத்துப் போட்டுக்கற மாதிரி பண்ணி வெக்கறோம்."

"அப்ப நீ சமைக்கல. சமைக்கறவங்களுக்கு அடுப்பு கட்டிக் குடுக்கறே."

தாலாய் நாற்காலியோடு சுழன்று திரும்பினான். "அக்கா, எங்கப்பாவுக்கு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன், ஏறல. இவரு ஒரு வாய் டீ இறங்கறதுக்குள்ள புடிச்சிட்டாரே!"

இதை நான் சொல்லவில்லை, அக்கா, அவனே சொன்னது. இதில் வியப்பும் இல்லை. நான் ராணுவத்தில் இரண்டு வருடம் ரேடியோப் பெட்டியை முதுகில் சுமந்தவன். அதைத் திறந்து பார்க்க எனக்கு அனுமதி கிடையாது என்பது வேறு விஷயம். கம்பி ஓடும் எதுவும் அன்றிலிருந்து என்னிடம் தன் ரகசியத்தை மறைத்ததில்லை.

இப்போது அந்த லைப்ரரி என்ன என்று உங்களுக்கு விளங்கும்படி எழுதுகிறேன். அது நாலு மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிமாடியில் இருப்பவன் ஊமைக் காவல்காரன் மாதிரி. கணினிக்குள் இருக்கும் சிப்போடு பேச அவன் ஒருவனுக்குத்தான் தெரியும், அவனுக்குத் தெரிந்த ஒரே பொருளோ முக்கோணம். ஆட்டைக் கேட்டாலும் முக்கோணம், மலையைக் கேட்டாலும் முக்கோணம், பொடி முக்கோணங்களாக அடுக்கியே எல்லாவற்றையும் ஒப்பேற்றிவிடுவான். இரண்டாம் மாடியில் தூரிகைக்காரி. கோடு, வட்டம், நிறம் எல்லாம் அவள் பொறுப்பு, ஆனால் ஒரு கோடு போட வேண்டுமென்றாலும் கீழே குனிந்து முக்கோணக்காரனிடம்தான் சொல்ல வேண்டும். மூன்றாம் மாடியில் காட்சிக்காரன். மலை பின்னால், வீடு முன்னால், குதிரை நடுவில் என்று யார் எங்கே நிற்பது என்பதை அவன் தீர்மானிப்பான். நாலாம் மாடியில் எல்லாம் ஆயத்தமாகக் கிடக்கும்: வரைபடம், பட்டியல், திரையில் தொடும் பொத்தான். வெளியிலிருந்து வரும் நிரல் எழுதுகிறவர்களுக்கு நாலு மாடிக்கும் நாலு கதவு உண்டு. அவசரக்காரர்கள் நாலாவது கதவைத் தட்டிப் பொத்தானை எடுத்துக்கொண்டு போய்விடலாம். தன் இஷ்டப்படி வரைய நினைக்கிறவன் இரண்டாவதைத் தட்டலாம். பிடிவாதக்காரன் நேரே அடிக்கதவுக்குப் போய் முக்கோணக்காரனோடு மல்லுக்கட்டலாம். எந்தக் கதவில் நுழைந்தாலும் மற்ற மூன்று மாடிகளைப் பற்றி அவன் படிக்க வேண்டிய தேவை இல்லை. பெர்மெத் எழுதிய கையேடும் இதே வரிசையில்தான் இருக்கிறது. நான் முழுவதும் வாசித்துவிட்டேன். அட்டை மிக நன்றாக இருக்கிறது.

இதுவரைக்கும் எனக்குப் பிடித்திருந்தது. அதன் பிறகுதான் உங்கள் மகள் என் நெஞ்சில் கல்லைப் போட்டாள்.

"வெளியில இருந்து வரவங்க எந்த மாடிக்கும் வரலாம், மாமா. ஆனா உள்ள இருக்கறவங்க தாண்டக் கூடாது. ஒவ்வொருத்தரும் தனக்கு அடுத்தாப்புல கீழ இருக்கறவரோட மட்டும்தான் பேசணும். அதுக்கும் கீழ யார் இருக்காங்கன்னு தெரியவே கூடாது."

"தெரியவே கூடாதா? பொத்தானுக்குத் தன் தாத்தாவைத் தெரியாதா?"

"தெரியக் கூடாது."

"ஏழு தலைமுறைத் தகப்பன் பேர் தெரியாதவன் அடிமைன்னு சொல்லித்தானே உன்னை வளத்தோம்! அஞ்சு வயசுல நீ ஏழையும் ஒப்பிச்சியேடி, விருந்தாளிங்க உனக்குச் சர்க்கரைக் கட்டி குடுத்தாங்களே!"

"அது மனுசனுக்கு. இங்க தெரியாம இருக்கறதுதான் மரியாதை. நாளைக்குப் புது சிப்பு வருதுன்னு வெச்சுக்கோங்க. அடிமாடியை மாத்தியே ஆகணும். பட்டனுக்குத் தாத்தாவைத் தெரிஞ்சிருந்தா, தாத்தாவை மாத்தும்போது பட்டனும் சேந்து விழுந்துடும்."

"தாத்தாவை மாத்துவீங்களா?"

தாலாய் சிரித்து மேசையில் தலையை வைத்துக்கொண்டான். அவனை நோக்கி பெர்மெத் விரலை ஆட்டினாள். "நீ சிரிக்காத. இதே வியாதி உனக்கும் இருக்கு. மேல்மாடியில வேலை செய்யறப்ப அவசரம்னா உடனே அடிமாடிக்கு ஓடிடுவே. எத்தனை தடவை சொல்லியிருக்கேன், தாத்தாவை எழுப்பாதேன்னு!"

"இப்பல்லாம் எழுப்பறதில்ல அக்கா" என்றான் அவன். ஓஷ்காரர்கள் சத்தியம் செய்யும்போது கண் இமைப்பதில்லை; அவன் இமைத்தான். நான் கவனித்தேன், ஆனால் விருந்தாளி என்பதால் பேசாமல் இருந்தேன்.

பிறகு அவள் விஷயத்தைச் சொன்னாள். எல்லை தாண்டி அல்மாட்டியிலிருந்து ஒரு நிறுவனத்தார் செவ்வாய்க்கிழமை வருகிறார்களாம். மலையில் சிக்கியவர்களை மீட்கப் போகிறவர்களுக்கு எங்கே பனி சரியும், எங்கே நிற்கும் என்று காட்டும் வரைபடம் செய்கிறவர்கள். லைப்ரரியை அவர்கள் எடுத்துக்கொண்டால் இந்த அறை இருக்கும். இல்லாவிட்டால் இல்லை. "இல்லன்னா பூட்டிட்டு நானே உங்களோட வண்டியில ஏறிடறேன் மாமா. தோடும் போட்டுக்கறேன். அது வரைக்கும் இருங்க" என்றாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சனிக்கிழமையை நான் விட்டது இதனால்தான். எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. நல்ல கேள்விகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது என் வழக்கம்.

சும்மா இருப்பது நம் குலத்துக்கு ஒத்துவராது. நாலு மாடியையும் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று அவர்கள் பேசிக்கொண்டபோது, நான் தூரிகையைக் கேட்டு வாங்கினேன். கூட்டுப்பண்ணை வாசலில் 'முன்னேறுவோம்' என்று எழுதியது நான்தான் என்பது மாவட்டத்துக்கே தெரியும். கடைசி எழுத்து விடுபட்டது பலகை தீர்ந்துபோனதால்தான். பெர்மெத் எனக்கு நாலு பெட்டி, நாலு பெயர், நாலு கதவு என்று குறித்துக் கொடுத்தாள். செவ்வாய் காலையில் அவர்கள் இருவரும் விருந்தாளிகளை அழைத்துவரக் கீழே போனார்கள். நான் தனியாக எழுதி முடித்துவிட்டுப் பார்த்தேன். அக்கா, அந்தப் பொத்தான் உச்சியில் அநாதையாக நின்றது. பார்க்கவே பொறுக்கவில்லை. ஆகவே அதன் பக்கத்தில், நம் வீட்டு வம்ச மரத்தை எழுதுவதுபோல, அதற்கும் ஏழு தகப்பன்களை வரிசையாக எழுதினேன்: பொத்தானின் தகப்பன் காட்சி, காட்சியின் தகப்பன் தூரிகை, தூரிகையின் தகப்பன் முக்கோணம், முக்கோணத்தின் தகப்பன் சிப், சிப்பின் தகப்பன் மின்சாரம், மின்சாரத்தின் தகப்பன் நாரின் ஆறு, நாரின் ஆற்றின் தகப்பன் மலைப்பனி. சரியாக ஏழு வந்தது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பேரன் நினைத்தபோது தாத்தாவைப் போய்ப் பார்க்க வசதியாக, பொத்தானிலிருந்து நேரே அடிமாடிக்குத் தடித்த சிவப்புக் கோடு ஒன்றும் போட்டேன்.

கதவு திறந்தது. முன்னால் வந்தவர் ரௌஷான் என்ற அம்மாள்; அந்த நிறுவனத்தில் எடுக்கலாமா கூடாதா என்று சொல்லும் அதிகாரம் அவருடையது. ஐம்பது வயது இருக்கும், முடி குட்டை, பேச்சும் குட்டை. பின்னால் இரண்டு இளைஞர்கள். அவர்கள் மொழியும் நம் மொழியும் பங்காளிகள், ஆகவே எந்தத் தடையும் இல்லை. மூவரும் சுவரின் முன் நின்றுவிட்டார்கள். பெர்மெத் அப்போதுதான் அதைப் பார்த்தாள். அவள் முகம் காய்ச்சிய பாலில் ஆடை படிந்ததுபோல் ஆனது.

"இந்தச் சிவப்புக் கோடு என்ன?" என்றார் ரௌஷான்.

"பேரன் தாத்தாவைப் பாக்கப் போற வழி" என்றேன்.

"அப்படி ஒரு வழி எங்க லைப்ரரியில இல்ல" என்று பெர்மெத் உடனே சொன்னாள். "அது மாமா... அன்பால போட்டது."

"எங்க பழைய லைப்ரரியில இந்தக் கோடு மட்டும்தாம்மா இருந்துது" என்றார் ரௌஷான், சிரிக்காமல். "எல்லாப் பிள்ளையும் நேரா தாத்தாகிட்ட ஓடிச்சு. போன பனிக்காலத்துல சிப்பை மாத்தினோம். மலையேறிட்டிருந்தவங்க கையில திரை வெறிச்சோடிப் போச்சு. ஆறு மணி நேரம் அவங்க எங்க இருக்காங்கன்னே தெரியல. நல்லவேளை, எல்லாரும் இறங்கி வந்துட்டாங்க." அவர் தன் பையிலிருந்து ஒரு பழைய டேப்லெட்டை எடுத்து மேசையில் வைத்தார். "இதுல வேற சிப்பு. உங்க அடிமாடியை மாத்தி இதுல ஓட்டிக் காட்டுங்க. மேல ஒரு எழுத்துக்கூடத் தொடக் கூடாது."

பெர்மெத் அடிமாடியை மாற்றினாள். மலை வந்தது. வீடுகள் வந்தன. பாதை வந்தது. பனி சரியும் இடம் சிவப்பில் மின்ன வேண்டும். அந்த நேரத்தில் திரை முழுவதும் கறுத்துப்போனது.

பெர்மெத் கத்தவில்லை. மெதுவாகத் திரும்பினாள்.

"தாலாய். எழுப்பினியா?"

அவன் காது இரண்டும் பீட்ரூட் ஆகிவிட்டன. "ஒரே ஒரு தடவைக்கா. அந்தச் சிவப்பு மினுக்கறது மெதுவா இருந்துது. மேலேருந்து நேரா சிப்புகிட்ட சொல்லிட்டா வேகமா வரும்னு... அப்புறம் எடுத்துடலாம்னு நெனச்சேன்."

"நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இதே புத்தி" என்றாள் அவள். பார்வை சுவரிலிருந்த என் சிவப்புக் கோட்டின் மேல் ஒரு கணம் போய் வந்தது. பிறகு ரௌஷானிடம், "எங்க தப்புதான். உக்காருங்க. உங்க முன்னாலேயே சரி பண்றேன். ஆனா ஒவ்வொரு மாடியா இறக்கி எழுதணும், நேரமாகும்" என்றாள்.

"உக்காரறோம்" என்றார் ரௌஷான்.

விருந்தாளியை வெறும் சுவரைப் பார்த்து உட்கார வைப்பது பாவம். ஆகவே அவையை நடத்தும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். தேநீர் ஊற்றி, நீங்கள் கொடுத்தனுப்பிய பொரித்த மாவுத் துண்டுகளைப் பரப்பி, "எங்கே, உங்கள் ஏழு தகப்பனையும் சொல்லுங்கள் பார்ப்போம்" என்று தொடங்கினேன். வழிகாட்டியாக நம் ஏழு பேரையும் ஒரே மூச்சில் சொன்னேன். மூச்சு மிச்சம் இருந்ததால் எட்டாவதாக ஒருவரையும் சேர்த்தேன், அவர் ஒரு படைத்தலைவர். முதல் இளைஞன் ஏழையும் சொல்லிவிட்டான். இரண்டாமவன் நாலில் நின்றான். வெட்கத்தில் தன் அப்பாவுக்குப் போன் போட்டான். அப்பாவுக்கும் ஐந்தாவது பெயர் நினைவில்லை. அவர் தன் அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கிழவர் மருந்து குடித்துக்கொண்டிருந்தாராம், காத்திருந்தோம். பதில் கிழவரிடமிருந்து அப்பாவுக்கு வந்து, அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தது.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பெர்மெத் சொன்னாள்: "பாத்தீங்களா மாமா? யாரும் யாரையும் தாண்டல. பேரு வந்து சேந்துடுச்சு."

"நீங்க சொல்லுங்கம்மா" என்று ரௌஷானிடம் திரும்பினேன்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எனக்கு ரெண்டுதான் தெரியும், அண்ணே. அப்பா பேரு தெரியும். தாத்தாவைப் பஞ்ச காலத்துல ரயிலடியில கண்டெடுத்தாங்க. மூணு வயசு. தன் பேரை மட்டும்தான் சொல்லத் தெரிஞ்சுது. அனாதை இல்லத்துல வளந்தாரு. அதுக்குக் கீழ எங்களுக்கு ஒண்ணுமே கிடையாது."

அவர் கிண்ணத்தை நான் மறுபடி நிரப்பினேன், அக்கா.

"சின்ன வயசுல ரொம்ப அவமானமா இருக்கும்" என்றார் அவர். "பள்ளிக்கூடத்துல எல்லாரும் ஒப்பிப்பாங்க, நான் தலையைக் குனிஞ்சுக்குவேன். ஒரு நாள் அப்பா சொன்னாரு, நீ என் தோள்மேல நில்லு, நான் எங்கப்பா தோள்மேல நிக்கறேன், அவரு எதுமேல நின்னாருங்கறது அவரு கவலை, விழாம நின்னாருல்ல, அது போதும்னு."

நான் எழுந்து போய் வெள்ளை வண்ணத்தை எடுத்து அந்தச் சிவப்புக் கோட்டை அடிவரை பூசி அழித்தேன். யாரும் என்னை அழிக்கச் சொல்லவில்லை. ஏழு தகப்பன்களை அழிக்கவில்லை. அழிக்க வேண்டாம் என்று ரௌஷானே சொல்லிவிட்டார்.

தேநீரை இரண்டு தடவை மாற்றிய பிறகு பெர்மெத் டேப்லெட்டை அவர் கையில் கொடுத்தாள். மலை வந்தது, வீடு வந்தது, பாதை வந்தது, பனி சரியும் இடம் சிவப்பாக மின்னியது. கொஞ்சம் மெதுவாகத்தான் மின்னியது. ரௌஷான் அதை வெகுநேரம் பார்த்தார். "மெதுவா இருந்தாப் பரவாயில்ல. காணாமப் போகாம இருந்தாப் போதும்" என்றார். பிறகு கையேட்டைக் கேட்டு வாங்கி, கதவு கதவாகப் புரட்டி, இளைஞர்களிடம் கொடுத்து, "எடுத்துக்கறோம்" என்றார். என் சுவர்ப்படத்தையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அல்மாட்டியில் அது இப்போது ஒரு பெரிய மண்டபத்தில் தொங்குவதாக நினைக்கிறேன்.

ஆக, அக்கா, நடந்ததைத் தொகுத்துப் பார்த்தால், நான் அந்தக் கோட்டைப் போடாவிட்டால் அந்த அம்மாள் கேள்வி கேட்டிருக்க மாட்டார், கேள்வி கேட்காவிட்டால் பழுது தெரிந்திருக்காது, பழுது தெரியாவிட்டால் அது ஒரு நாள் மலையில் யாராவது ஒருவரின் கையில் தெரிந்திருக்கும். பெர்மெத்தும் ஏறத்தாழ இதையே சொன்னாள், வேறு சொற்களில்.

எப்படியோ, அவள் தொடங்கியதை நல்லபடியாக முடித்துவிட்டாள். தோற்று வீடு திரும்பும் பெண்ணாக இல்லாமல் ஜெயித்து வருகிறவளாக உங்கள் வாசலில் இறங்கப்போகிறாள். நாளை மறுநாள், சனிக்கிழமை வண்டியில் இரண்டு இருக்கை சொல்லிவிட்டேன். மாவு பிசைந்து வையுங்கள். கொழுத்த கிடாயாக ஒன்றைத் தனியே கட்டி வையுங்கள். ஓர்மொன் வீட்டாருக்கு ஞாயிற்றுக்கிழமை தோட்டோடு வரச் சொல்லி ஆள் அனுப்பிவிடுங்கள். இந்த முறை தேநீர் நாலு கிண்ணத்தோடு நிற்காது. கொடுத்த வாக்கைப் பெய்ஷென் காப்பாற்றினான் என்று ஊரில் சொல்லுங்கள், நானும் சொல்லிக்கொள்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் கூடாரத்துப் புகை நேராக மேலே எழட்டும். குட்டிகள் இரட்டையாக விழட்டும். ஓநாய் பக்கத்துப் பள்ளத்தாக்கோடு போகட்டும்.

உங்கள் காலடியில் வளர்ந்த தம்பி,
பெய்ஷென்.

பின்குறிப்பு: மடிப்பதற்கு முன் பெர்மெத் இதை வாங்கி வாசித்தாள். "வேலை முடிஞ்சுதுன்னு யாரு மாமா சொன்னா? இப்பதானே தொடங்குது. இந்தப் பனிக்காலம் முழுக்க அவங்க ஆளுங்களுக்கு நாலு கதவையும் நான்தான் காட்டணும்" என்றாள். நான் சனிக்கிழமை என்றேன். அவள் கடிதத்தை என் கையில் திருப்பிக் கொடுத்து, "தாய்மாமன்கிட்ட சகோதரி பிள்ளை எது கேட்டாலும் மறுக்கக் கூடாதுல்ல? நான் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல" என்றாள். கேள், பழுப்புக் குதிரையைச் சேணத்தோடு எடுத்துக்கொள் என்றேன். "குதிரை வேண்டாம். எங்கம்மாவுக்குக் குடுத்தீங்கல்ல, அந்த வாக்கை எனக்குக் குடுங்க" என்றாள். வழக்கம் என்பது வழக்கம், அக்கா. மறுத்த தாய்மாமன் யாரும் நம் குலத்தில் இல்லை, எட்டாவது தகப்பன் வரைக்கும். கொடுத்துவிட்டேன். இனி அது அவளுடையது. ஆகவே மாவு பிசைய வேண்டாம், கிடாயை அவிழ்த்து விடுங்கள், ஓர்மொன் வீட்டுக்கு ஆள் போயிருந்தால் பின்னாலேயே இன்னொரு ஆளைக் குதிரையில் அனுப்புங்கள். வண்டிக்காரனிடம் ஓர் இருக்கை போதும் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை நான் மட்டும் வருகிறேன்.